எதிர்க்கட்சி நாற்காலி

அவளிடம் "மழை வரும் போலிருக்கு" என்று சும்மா சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "இன்னா வச்சு சொல்ற?" என்று கேட்பாள். மேகத்தைக் காட்டினால், நேற்றும் இதே மேகம் திரண்டு வந்து ஒரு சொட்டுகூடப் போடாமல் போனதைச் சொல்வாள். சரி தாயே, மழை வராது என்று நாம் கட்சி மாறினாலும் விடமாட்டாள். "அத்த மட்டும் எப்டி சொல்ற?" என்பாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் இந்த விசாரணை நடக்கும். இத்தனைக்கும் அவள் பையில் குடையும் இருக்கும், வெயிலுக்குத் தொப்பியும் இருக்கும்.

அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில், ஒரே மேசையின் இரண்டு முனைகளில் நானும் அவளும் சில வருடங்கள் வேலை பார்த்தோம். இருவருக்கும் ஒரே பேராசிரியர். வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். உப்பு ஏறி, அதன்மேல் எண்ணெயும் ஊறிக் கெட்டுப்போன மண்ணில் என்னென்ன பாக்டீரியா உயிரோடு இருக்கின்றன, அவற்றில் இதுவரை உலகத்தில் யாரும் பார்த்துப் பெயர் வைக்காதது ஏதாவது உண்டா என்று தேடுவது. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். நடைமுறையில் அது, பாக்டீரியா 'கல்ச்சர்' வளர்க்கிற கண்ணாடித் தட்டுகளை நாள் முழுக்கக் கழுவுகிற வேலை.

அவள் ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் பிறந்து வளர்ந்தவள். ஆராய்ச்சிக்கு வருவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்திருந்தாள். கருத்தரங்க மேடையில் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடாக வரும். இறங்கித் தமிழுக்கு வந்துவிட்டால் ராயப்பேட்டைதான், யாருக்காகவும் அதை மாற்ற மாட்டாள். எங்கள் பேராசிரியர் மயிலாப்பூர் மாடவீதிக்காரர். அவர் "என்னம்மா, கல்ச்சர் நன்னா வந்துண்டிருக்கா?" என்பதும், இவள் "சூப்பரா வந்துகினு கீது சார்" என்பதும் எங்களுக்குக் காசு கொடுக்காமல் பார்க்கிற கச்சேரி. என் அப்பாவுக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. அதனால் அவளுக்கு நான் 'ஜவுளி'. என் பெயர் அவளுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

திங்கள்கிழமைதோறும் பேராசிரியர் அறையில் கூட்டம் நடக்கும். அந்த வாரம் செய்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் கிடைத்த முடிவைப் புடவை விரிக்கிற மாதிரி விரித்துக் காட்டிவிட்டு, கிழிசல் இருக்கிற பக்கத்தை மடித்து வைத்துக்கொள்வோம். அவள் தன் முடிவைச் சொல்லி முடிப்பாள். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சற்றுமுன் தான் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்துக் கேள்வி கேட்பாள்.

"இவ்ளோ உப்புல வளருதுன்னியே, தட்டுல தண்ணி வத்திப்போயி உப்பு இன்னும் ஏறியிருந்தா? அத்த அளந்தியா?"

பதில் தெரிந்தால் எழுந்து பழைய நாற்காலிக்கு வந்து சொல்வாள். தெரியாவிட்டால் எதிர்நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு, "அரசு தரப்புல பதில் இல்ல சார். அடுத்த வாரம்" என்பாள். முதல்முறை இதைப் பார்த்தபோது நான் துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. நான் சேர்ந்த சில நாட்களில் எங்கள் வாட்ச்மேன்கூட "எதிர்க்கட்சி இன்னும் வரலம்மா" என்றுதான் சொல்வார். ஆகவே அவளுடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதாமல் விடுவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

எதிர்க்கட்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு குடைந்தும் ஒரு முடிவை அவளால் உடைக்க முடியவில்லை என்றால், அன்று சாயங்காலம் எல்லோருக்கும் அவள் செலவில் ஜாங்கிரி. நிலையத்தை ஒட்டிய சந்தில் ஓர் இனிப்புக்கடை. நாலு மணிக்கு மேல்தான் அடுப்பில் வாணலியை ஏற்றுவார்கள். அவளே போய் நின்று, சுடச்சுட வாங்கி வருவாள். முடிவு உடைந்துவிட்டால் டீ. அதுவும் அவள் செலவுதான். டீ குடித்துக் குடித்து எங்களுக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். ஜாங்கிரி எப்போதாவது தீபாவளி மாதிரி வரும். வந்தால், எங்களைவிட அவள்தான் அதிகமாகச் சாப்பிடுவாள்.

மண் எடுக்க நாங்கள் பட்டினப்பாக்கம் போவோம். கடற்கரை ஓரத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பிரித்து மேய்கிற ஓர் இடம் இருந்தது. வருடக்கணக்காகக் கொட்டிய டீசலும் எஞ்சின் ஆயிலும் உப்பு மணலில் ஊறி, மண் தார் மாதிரிக் கிடக்கும். அங்கே இருந்த மெக்கானிக் நாங்கள் கரண்டியால் மண்ணைத் தோண்டி டப்பாவில் போடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாமே, இந்த மண்ணுல புல்லு கூட மொளைக்காது. இத்தப் போயி டப்பால போட்டு மூடுறீங்க?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு வந்திருப்பார்கள். இவள் நிமிர்ந்து, "மொளைக்காதுன்னு ஒனுக்கு எப்டிண்ணா தெரியும்? போட்டுப் பாத்தியா?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அடுத்த மாதம் போனபோது அவர் தூரத்திலிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஒரு ஓரத்தில் சின்னதாகப் பாத்தி கட்டி, வீம்புக்குக் கொத்தமல்லி விதை தூவியிருந்தார். ஒன்றும் முளைக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு உடைந்த வாளியில் நல்ல மண் போட்டு அதே விதையைத் தூவியிருந்தார். அதில் முளைத்திருந்தது. அந்த வாளியை அவள் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாளி வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "இப்ப ஒத்துக்கறேன்ணா, மொளைக்காது" என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை அவருக்கும் ஜாங்கிரிப் பொட்டலம் கொண்டுபோனாள்.

ஆளை மட்டம் தட்டுவதில் சிலருக்கு ஒரு சுகம் உண்டு. அவளுக்கும் அந்த நோய்தானோ என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். ஆனால் அவள் முதலில் வெட்டுவது தன் கழுத்தைத்தான். இரண்டு வருடம் பாடுபட்டு அவள் ஒரு பாக்டீரியாவைப் புதிய இனம் என்று நிரூபிக்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தாள். கட்டுரை அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில், எங்கோ யாரோ முன்பே பெயர் வைத்த ஒரு உறவுக்கார இனத்தை வரவழைத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தாள். அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. அன்று நாங்கள் டீ குடித்தோம். அவள் கண் சிவந்திருந்தது. "ஒடஞ்சா ஒடஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பெண் பார்க்க வந்த இடத்திலும் இதே கதைதான். அவள் அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக் கையில் எடுக்கும்போது, பெண் அடக்கமானவள், பொறுமைசாலி என்று பெரியவர்கள் அளந்துகொண்டிருந்தார்களாம். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பையும் கேட்டுக்குங்க" என்று ஆரம்பித்து, தனக்குக் கோபம் வரும், சமையல் சுமார், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவேன் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, தன் தங்கையைக் கூப்பிட்டு, "என் எதிர்க்கட்சி நீ. பேசு" என்றாராம். கல்யாணம் நடந்தது. இப்படிக்கூட ஒருவர் இருப்பார் என்று நாங்கள் யாரும் நம்பவில்லை. அவளும் முதலில் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அவளை எனக்குப் புரிய வைத்தது அதுதான்.

பட்டினப்பாக்கத்து மண்ணிலிருந்து எனக்கு ஓர் ஆரஞ்சு நிற பாக்டீரியா கிடைத்தது. தட்டில் வளர்த்தால் பொட்டுப் பொட்டாக, அசல் சாந்துப்பொட்டு மாதிரி எழும்பி நிற்கும். நல்ல உப்பிலும் தாக்குப்பிடித்தது. டீசலைத் தவிர வேறு சாப்பாடு இல்லாமல் வளர்ந்தது. இனத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பிட்ட மரபணுவைப் படித்துப் பார்ப்பார்கள். என்னுடையதைப் படித்தபோது, உலகத்தில் பெயர் வைத்த எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. பேராசிரியர் வெற்றிலை போட்ட வாய் மாதிரி முகம் சிவந்து, "பேஷ், எண்ணெய் தின்னறது, உப்புல வாழறது, அதுவும் புது இனம்! இதைவிட என்னம்மா வேணும்?" என்றார். இளம் வயதில் கோல் மாதிரி இருந்து, முதிர்ந்ததும் உருண்டையாகிற சில பாக்டீரியா உண்டு. நுண்ணோக்கியில் என்னுடையதிலும் கோலும் இருந்தது, சின்ன உருண்டையும் இருந்தது. அதையும் ஒரு தனிச்சிறப்பாக எழுதிவைத்தேன்.

எனக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். உதவித்தொகை முடிகிற நேரம். எங்கள் குடும்பத்தில் பெண்கள் கல்லூரி முடித்ததும் கல்யாணம், இல்லாவிட்டால் கடையில் நைட்டி பிரிவு. அப்பா நல்லவர், ஆனால் வியாபாரி. "பொங்கல் வரைக்கும் பாப்போம்ட்டி. அதுக்குள்ள ஒம் பூச்சிக்கு ஒரு பேர வச்சு முடிச்சிரு. முடியலன்னா கடைக்கு வந்து ஒக்காரு" என்று சொல்லியிருந்தார். அந்த ஆரஞ்சுப் பொட்டுதான் எனக்கும் நைட்டி பிரிவுக்கும் நடுவில் நின்றது.

கட்டுரை தயாரானது. அனுப்புவதற்கு முன்னால் அவள் என் தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஜவுளி, இந்த ஆரஞ்சு ஜாதிக்குத் தோல் ரொம்ப தடி. டிஎன்ஏ எடுக்க நீ ஊத்துன மருந்துக்கு இவன் ஒடையவே மாட்டானே?"

"ஒடஞ்சுதே. டிஎன்ஏ வந்துதே" என்றேன்.

"அதான் கேக்கறேன். இவன் ஒடையலன்னா, ஒடஞ்சது யாரு?"

அந்தச் சின்ன உருண்டைகள் முதிர்ந்த ஆரஞ்சு அல்ல, வேறொரு பாக்டீரியாவாக இருக்கலாம் என்கிறாள். ஒரே பொட்டுக்குள் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். எண்ணெய் தின்றதும் நிறம் காட்டியதும் பெரியவன். மருந்துக்கு உடைந்து டிஎன்ஏ கொடுத்தது சின்னவன். அப்படியென்றால் நான் ஒருவனுடைய போட்டோவை ஒட்டி, இன்னொருவனுடைய கைரேகையை வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் அப்போது நிதானமாக நான் யோசிக்கவில்லை. கத்தினேன். "உன்னோடது உடைஞ்சு போச்சுன்னு என்னோடதையும் உடைக்கணுமா? யாரையாவது தோக்கடிச்சாதான் உனக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டேன்.

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். "நான் தோக்கத்தான் வரேன் ஜவுளி. அல்லாரும் என்னை ஜெயிக்க வுட்டுடறீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பேருந்தைத் தவறவிட்டவள் மாதிரி இருந்தது முகம்.

நான் பேசாமல் இருந்த நாட்களில் அவள் கண்ணாடி மணிகளைப் போட்டுக் குலுக்கி, அந்தத் தடித்தோல்காரனை அரைத்து, டிஎன்ஏ எடுத்து அனுப்பினாள். முடிவு வந்தது. ஆரஞ்சுக்கு என்றைக்கோ யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். உலகத்தில் எண்ணெய் சிந்திய பல இடங்களில் இருக்கிற, எல்லோருக்கும் தெரிந்த ஆசாமிதான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நல்லவேளை அனுப்பவில்லை என்று மட்டும் சொன்னார். நான் நடைவாசலில் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் இரண்டு தம்ளரில் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தால் நான் முட்டாள்.

"ஆனா ஒடஞ்சவன் யாருன்னு இன்னும் தெர்லயே" என்றாள்.

எதனோடும் ஒத்துப்போகாத மரபணு அந்தச் சின்னவனுடையது என்பதால், அவன்தான் புதியவன். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அதைத் தனியாக, வேறு கலப்பில்லாமல் வளர்த்துக் காட்ட வேண்டும். உயிரோடு இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களில் கொடுத்து வைக்க வேண்டும். இவனோ ஆரஞ்சுக்காரனை விட்டுப் பிரித்தால் வளரவே மறுத்தான். எண்ணெய் தின்கிற வித்தையும் இவனுக்குக் கிடையாது. பெரியவன் தின்று கழித்ததில் ஏதோ ஒன்றை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன். இவனை வைத்துக்கொண்டு அப்பாவிடம் என்ன சொல்வது?

பொங்கல் வந்தது. நான் கடைக்குப் போனேன். தி. நகரின் பொங்கல் கூட்டத்தில் நைட்டியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தபோது, அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றாள். என்னைப் பார்க்க வந்தவள் என்னைப் பார்க்காமல் ஒரு மெரூன் நைட்டியை எடுத்தாள். "சாயம் போகாது தாயி, கியாரண்டி" என்றார் அப்பா, வழக்கம்போல. அவள் கைக்குட்டையில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்து, ஓர் ஓரத்தில் தேய்த்துக் காட்டினாள். கைக்குட்டை சிவந்தது. அப்பாவும் சிவந்தார். நான் துணிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நைனா, இத்தயே எடுத்துக்கறேன். தனியா தொவச்சுக்கறேன்" என்றாள். "ஒம் பொண்ணு விஷயமா வந்தேன். அவ வேலை நல்ல வேலை. இது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பும் கீது. அந்தப் பூச்சி வளராமலே போலாம். இன்னும் எத்தினி மாசம் ஆவும்னு சொல்ல முடியாது. வளந்தாலும் அதுக்கு எந்த வித்தையும் தெரியாது, பேப்பர்ல போட்டோ வராது. ஆனா, வளராதுன்னு இதுவரைக்கும் யாரும் ஒழுங்கா பாக்கல."

அப்பா நைட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தார். கடை சாத்தும்போது என்னிடம், "முப்பது வருசமா யாவாரம் பாக்கேன். சரக்கோட கொறையச் சொல்லி விக்குத ஆள இன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார். "ஆடித் தள்ளுபடி வரைக்கும் போய்ட்டு வா."

ஆடி போய், அதற்கடுத்த ஆடியும் வந்தது என்பது வேறு விஷயம். அதற்குள் அப்பா கெடுவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, "ஒம் பூச்சி எந்திச்சானா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

எந்திரித்தான். ஆரஞ்சுக்காரன் வாழ்ந்த உப்புநீரை வடிகட்டி, அதில் ஒரு செல்கூட இல்லாமல் எடுத்து, அந்த நீரைக் கலந்த தட்டில் சின்னவனைத் தூவி வைத்தோம். ஒரு வாரத்தில் ஒன்றும் வராவிட்டால் தட்டைக் கழுவப் போடுவதுதான் எங்கள் வழக்கம். நான் கழுவத் தூக்கினேன். அவள் பிடுங்கி, "காலின்னு முடிவு கட்டிட்டியா? எத்த வச்சு?" என்று கேட்டு அலமாரியில் திரும்ப வைத்தாள். நாங்கள் மறந்தே போன ஒரு நாள், ஜன்னல் வெயிலில் தட்டைச் சாய்த்தபோது, மேலே பனி படர்ந்த மாதிரி ஏதோ மின்னியது. நிறமே இல்லாத, ஊசிமுனைப் பொட்டுகள். நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவளும் குதித்தாள். பிறகு குதிப்பதை நிறுத்திவிட்டு, "ஜாங்கிரி இப்ப இல்ல" என்றாள்.

இல்லவே இல்லை. உப்பு, சூடு, கொழுப்பு, சாப்பாடு என்று வரிசையாக நான் சோதித்து முடித்தபோதும் இல்லை. "இன்னும் அந்த ஆரஞ்சுக்காரன் குடிச்ச தண்ணிலதானே வச்சிகினு கீற? அத்த வுட்டு வெளிய வரட்டும்" என்பாள். அந்த நேரத்தில்தான் அவளுக்கு வடக்கே ஒரு நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வேலை கிடைத்தது. நாடெங்கிலுமிருந்து வருகிற பாக்டீரியாவை வளர்த்துப் பார்த்து, அனுப்பியவர் சொன்னது உண்மைதானா என்று சோதிக்கிற வேலை. இதற்காகவே பிறந்தவள். நாங்கள் பிரிவு உபசாரம் வைத்தோம். அவள் டீதான் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் வலித்தது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவள், கிளம்புகிற நாளிலாவது எனக்காக ஒருமுறை தோற்றுவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். சின்னவனுக்கு அவள் பெயரை வைக்கலாமா என்று கேட்டதற்கும், "வாணாம். நாளைக்கே அவன் புது இனம் இல்லன்னு எவனாவது நிரூபிச்சா, என் பேரும் சேந்து முங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் பட்டினப்பாக்கத்து மணலை நினைத்துத்தான் பெயர் வைத்தேன்.

அவள் போன பிறகு மேசையின் அந்த முனை காலியாக இருந்தது. ஒரு திங்கள்கிழமை என் முடிவைச் சொல்லி முடித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேராசிரியர் அடுத்தவரைக் கூப்பிடப் போனார். என்னையறியாமல் நான் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், எதிர்நாற்காலியில் உட்கார்ந்தேன். சின்னவனுக்கு அந்தத் தண்ணீரில் எதுதான் வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அங்கே உட்கார்ந்தபோதுதான் எனக்கே வந்தது.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வெளியூர்த் தேர்வாளர் கேள்வி கேட்டு முடித்ததும், "சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று தலைவர் கேட்பார். யாரும் கேட்கமாட்டார்கள். அது ஒரு சம்பிரதாயம். நண்பர்கள் மிக்சர் பொட்டலத்துக்கு எப்போது எழுந்திருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் நிலையத்து அரங்கத்திலேயே மதியம் மூன்று மணிக்கு நடந்த என் தேர்வுக்கு அப்பா பட்டுவேட்டி கட்டி, அம்மாவோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். கூடைகூடையாக இனிப்புப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்.

தலைவர் சம்பிரதாயத்தைக் கேட்டார். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. ரயிலில் வந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள், காலடியில் பெட்டி இருந்தது. சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த உயிரி தனியா வாழுதுன்னு சொல்றீங்க. ஆனா இன்னொண்ணு வாழ்ந்த தண்ணியில வச்சுத்தான் வளக்கறீங்க. அப்ப இது தனி இனமா, இல்ல, அதோட மிச்சமா? எத்த வச்சு சொல்றீங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மாவிடம் குனிந்து, "அன்னைக்கு நமக்காக வந்து பேசுன பிள்ளல்லா? இன்னைக்கு இப்படிக் கேக்கா?" என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. பேராசிரியர் மட்டும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அது எனக்குப் பழக்கமான கேள்வி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானே என்னைக் கேட்ட கேள்வி. சின்னவனின் முழு டிஎன்ஏவையும் படித்துவிட்டோம், அதில் ஆரஞ்சின் சாயல்கூட இல்லை என்றேன். "அது தண்ணிக்குப் பதில் ஆவாதே" என்றாள். ஆகாதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததைச் சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு வைட்டமின்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. கடையில் வாங்குகிற அந்த வைட்டமினைச் சுத்தமான உப்புநீரில் துளி கலந்து கொடுத்தேன். இப்போது அவன் ஆரஞ்சும் இல்லாமல், ஆரஞ்சு வாழ்ந்த தண்ணீரும் இல்லாமல் வளர்கிறான். அந்தப் படத்தைத் திரையில் காட்டினேன்.

இது அவளுக்குத் தெரியாத செய்தி. அவள் போன பிறகு நான் செய்தது. நின்றபடியே படத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். இன்னொரு கேள்வி வருகிறது என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

பட்டம் பரிந்துரைக்கப்பட்டதாகத் தலைவர் அறிவித்தார். கை தட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா எல்லோருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படியே ரயிலேறப் போய்விட்டாளா என்று நினைத்தேன். அப்பாவும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல. "என்னட்டி அவ, நல்லாயிருன்னுகூடச் சொல்லாமப் போறா?" என்றார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் படியேறி வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய பெரிய பொட்டலம். நேராக அப்பாவிடம் போய் அதை நீட்டினாள். அப்பா தன் கையிலிருந்த இனிப்புப் பெட்டியையும் அவளுடைய பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கும்மா இது? நாங்கதான் வாங்கியிருக்கோம்லா?"

"தோத்துட்டேன் நைனா. அதுக்குத்தான்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஒரு ஜாங்கிரியை எடுத்து முதலில் அவளிடம் கொடுத்தார். நானும் ஒன்றை எடுத்தேன். விரல் சுட்டது. வரும்போதே வாங்கி வந்திருந்தால் இந்நேரம் ஆறிப்போயிருக்கும்.